உயிரணுவின் வரைபடங்கள் – 7: எந்த மரபணுவும் சிக்கவில்லை

டி.என்.ஏ. சிப் எப்படி வேலை செய்கிறது என்று போன வாரம் பார்த்தோம். செல்லுக்குள் எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்பதை ஆயிரக்கணக்கான எண்களாகக் கொட்டிவிடும். கொட்டியதை எப்படி அள்ளுவது? இந்த வாரக் கதை அதுதான்.

ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் 43 ஆண்களின் தொடையிலிருந்து துளித் துளியாகத் தசை எடுத்தார்கள். 17 பேருக்குச் சர்க்கரை நோய் இல்லை. 8 பேர் எல்லைக்கோட்டில் நின்றார்கள். 18 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. தசையை ஏன் எடுக்க வேண்டும்? இன்சுலின் வந்து கதவைத் தட்டினால் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை அதிகம் உள்ளே வாங்குவது தசைதான். அங்கே ஏதோ கெட்டிருக்க வேண்டும் என்ற சந்தேகம் பழையது.

மாதிரிகளைச் சிப்பில் ஓட்டி, அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்தில் வம்சி மூத்தா என்ற இந்திய வம்சாவளி மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள். 22,000-க்கும் மேற்பட்ட மரபணு அளவீடுகள். நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் இடையே உறுதியாக வேறுபடுகிற மரபணு எத்தனை? ஒன்றுகூட இல்லை.

இது சிப்பின் குற்றமல்ல. 22,000 கேள்வி கேட்டு, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தப்பலாம் என்று விட்டுவைத்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் 1,100 ‘கண்டுபிடிப்பு’ கிடைக்கும். அதைத் தடுக்க வலையின் கண்ணைப் பெரிதாக்கினால் உண்மையான சின்ன மாற்றங்களும் சிக்காமல் போய்விடும்.

பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவனுக்குப் பத்து மதிப்பெண் குறைந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே விடுதியில் தங்கியிருக்கும் நூறு பேருக்கும் பத்துப் பத்தாகக் குறைந்தால்? மாணவர்களை விட்டுவிட்டு விடுதிச் சமையலறையை எட்டிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். மூத்தா குழு செய்தது அதைத்தான். மரபணுக்களை நோயோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று வரிசைப்படுத்தினார்கள். பிறகு, ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் மரபணுக் கூட்டங்கள் 149-ஐ எடுத்துக்கொண்டு பட்டியலில் மேலிருந்து கீழே நடந்தார்கள். கூட்டத்து ஆள் எதிர்ப்பட்டால் கூட்டல், வேறு ஆள் வந்தால் கழித்தல். வழியில் தொட்ட உச்சம்தான் அந்தக் கூட்டத்தின் மதிப்பெண். தற்செயலாக வந்ததா என்று பார்க்க, யார் நோயாளி யார் இல்லை என்ற சீட்டுகளை ஆயிரம் முறை குலுக்கி அதே நடையை மறுபடி நடந்தார்கள்.

சிக்கியது மைட்டோகாண்ட்ரியா. சாப்பாட்டை ஆக்சிஜனோடு எரித்து ஆற்றலாக்கும் கூட்டம். நீரிழிவுத் தசையில் அதன் மரபணுக்களின் இயக்கம் தலைக்குச் சுமார் 20 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஆனால் பத்துக்கு ஒன்பது மரபணுக்களில் அப்படிக் குறைந்திருந்தது. இவற்றை முடுக்கிவிடும் மேஸ்திரி பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்ற புரதம். 1998-ல் ஸ்பீகல்மேன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் அதை எலியின் பழுப்புக் கொழுப்பில் கண்டெடுத்தது. குளிரில் வைத்த எலிக்கு அது ஏறும். உடற்பயிற்சி செய்யும் தசையிலும் ஏறும். நடக்கச் சொல்லி என் டாக்டர் பத்து வருடமாக மன்றாடுகிறார். அவர் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருந்தால் எனக்கு நல்லது.

மூத்தா குழுவின் ஆய்வு 2003-ல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்தது. அடுத்த வருடமே அதே இதழில் இருவர் புள்ளியியல் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டினார்கள். பழைய கணக்கில் இன்னொரு கோளாறும் இருந்தது: விடுதி மாணவர்கள் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் பட்டியலின் நடுவில் குவிந்து கிடந்தால்கூட மதிப்பெண் எகிறிவிடும். 2005-ல் அரவிந்த் சுப்பிரமணியன், பாப்லோ தமாயோ முதலானோர் அதைச் சரிசெய்து, 1,325 மரபணுக் கூட்டங்களோடு புது வடிவம் வெளியிட்டார்கள். ஜி.எஸ்.இ.ஏ. என்ற அந்த மென்பொருளைத் தொடாத புற்றுநோய் ஆய்வகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கூட்டங்களைப் பிரித்தது யார்? மனிதர்கள்தான், ஏற்கெனவே படித்ததை வைத்து. பி53 போன்ற புகழ்பெற்ற மரபணு எல்லாப் பட்டியலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். யாரும் ஆராயாத மரபணு எந்த விடுதியிலும் சேர்க்கப்படவில்லை, அதனால் கணக்கில் அது வாயே திறக்காது.

மால்மோ தசைகளும் ஒரு கேள்வியைத் திறந்தே வைத்திருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்ததால் நீரிழிவு வந்ததா, நீரிழிவும் உட்கார்ந்தே கிடப்பதும் சேர்ந்து மைட்டோகாண்ட்ரியாவைச் சோர வைத்தனவா? ஒரே நாளில் எடுத்த தசைத் துணுக்கு புகைப்படம் மாதிரி. முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று அது சொல்லாது. இருபது வருடத்துக்கு மேலாகியும் சண்டை ஓயவில்லை.

கூட்டங்களை விட்டுவிட்டு, எந்தப் புரதம் எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று வலை பின்னுகிறவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)