காலையில் வழுக்கும் பவர் டில்லர்: காரணமும் கைமருந்தும்

குறுவை அறுவடை முடிந்து தாளடி நடவுக்கு வயல் தயாராகும் ஐப்பசி மாதத்தில் தஞ்சை டெல்டாவில் பவர் டில்லருக்கு ஓய்வே இருப்பதில்லை. இந்தச் சமயத்தில் பல விவசாயிகள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "காலையில சத்தம்தான் போடுது, வண்டி நகரமாட்டேங்குது. ஒரு மணி நேரம் ஓடிட்டா நல்லா இழுக்குது" என்பார்கள். வெயில் ஏறியதும் சரியாகிவிடுவதால் யாரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் இது தானே தீரும் குறை அல்ல. நடவுப் பருவத்தின் நடுவில் பெல்ட் அறுந்தோ கிளட்ச் தீய்ந்தோ வண்டி நின்றுவிடப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு.

130 நாள் வயதுடைய மத்திய கால ரக நாற்றை 25 முதல் 30 நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். பட்டறையில் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் மகசூலில்தான் கழியும்.

வழுக்குவது ஏன்?

பவர் டில்லரில் இன்ஜினின் விசை வி வடிவ பெல்ட்டுகள் வழியாகக் கிளட்ச் புல்லிக்கும், அங்கிருந்து கியர் பெட்டிக்கும், பிறகு சக்கரத்துக்கும் சுழல் கத்திகளுக்கும் செல்கிறது. பெல்ட்டின் இரு பக்கங்களும் புல்லியின் காடியைக் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டி இழுக்கிறது. இரவு மழையிலும் பனியிலும் வரப்பில் நின்ற வண்டியில் பெல்ட்டும் காடியும் ஈரமாகிவிடும். தண்ணீர் பிடிப்பைக் குறைக்கும். ஓடும்போது உராய்வுச் சூட்டில் ஈரம் காய்ந்து மீண்டும் பிடிப்பு வருகிறது.

நல்ல பெல்ட் சிறிது ஈரத்தைத் தாங்கும். தளர்ந்த பெல்ட்டும், பக்கங்கள் தேய்ந்து கண்ணாடி போல் மின்னும் பெல்ட்டும்தான் ஈரத்தில் அடியோடு வழுக்கும். எனவே பழியைக் குளிரின் மேல் போடக் கூடாது. டெல்டாவின் குளிர் இயந்திரத்தை முடக்கும் அளவுக்குக் கடுமையானதல்ல. காலை ஈரம், ஏற்கெனவே இருக்கும் குறையை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் முறை

கீச்சென்ற சத்தமும் ரப்பர் தீயும் வாடையும் வந்தால், பெல்ட் மூடியின் உள்ளே கருப்புத் தூள் படிந்திருந்தால், குறை பெல்ட்டில் இருக்கிறது. கீச்சொலி இன்றி இன்ஜின் வேகம் மட்டும் கூடி, வண்டி நகராமல் வேறு விதமான தீய்ந்த வாடை வந்தால் கிளட்சைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் சத்தமே அமுங்கிக் கரும்புகை தள்ளினால் அது வழுக்கல் அல்ல. இன்ஜினுக்குச் சுமை அதிகம். அப்போது கியரைக் குறைத்து, உழவு ஆழத்தையும் குறைக்க வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

செலவில்லாத வேலையை முதலில் செய்ய வேண்டும். இன்ஜினை நிறுத்தி, அது ஆறிய பின்னரே மூடியைக் கழற்ற வேண்டும். மூடி இல்லாமல் இன்ஜினை ஓட்டவே கூடாது. வேட்டி நுனியும் தோள் துண்டும் பெல்ட்டில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

1. பெல்ட்டையும் காடியையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

2. இரு புல்லிகளுக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு விரல் கனம் அமுங்கலாம். சரியான அளவு வண்டியுடன் வரும் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் தொய்ந்தால் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை முன்னுக்கு நகர்த்தி மீண்டும் முடுக்க வேண்டும். இரு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று நூல் பிடித்துப் பார்ப்பது அவசியம்.

3. காடியின் அடிப்பாகம் பளபளத்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. எல்லாப் பெல்ட்டுகளையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே சுமை முழுவதையும் தாங்கிச் சீக்கிரம் கெடும். புதுப் பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் சற்று நீளும். மறுபடி தொய்வு பார்க்க வேண்டும்.

4. பெல்ட் சரியாக இருந்தும் வழுக்கினால் கிளட்ச் கம்பியின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். கைப்பிடியை முழுவதும் ஓட்டும் நிலைக்குத் தள்ளியும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் இருக்கலாம். கம்பியிலுள்ள மரையைக் கையேட்டின்படி திருத்தினால் போதும்.

5. அதற்கும் சரியாகவில்லை என்றால் உராய்வுத் தகடுகள் தேய்ந்திருக்கும், அல்லது அவற்றில் எண்ணெய் இறங்கியிருக்கும். இது பட்டறை வேலை. எண்ணெய்க் கசிவை அடைக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் செலவு வீண்.

செய்யக் கூடாதவை

வழுக்கும் பெல்ட்டில் மண்ணைத் தூவுவதும் குங்கிலியம் போடுவதும் சிலரது வழக்கம். மண் காடியை அராவிவிடும். குங்கிலியம் சிறிது நேரம் பிடித்தாலும் பிறகு அழுக்கைச் சேர்த்துக் கட்டிவிடும். டீசலால் துடைத்தால் ரப்பர் ஊறிக் கெடும். அளவுக்கு மீறி இறுக்கினால் பெல்ட் மட்டுமல்ல, இன்ஜின் தண்டின் பேரிங்கும் கெடும். கிளட்சைப் பாதி பிடித்தபடி ஓட்டுவதையும் விட வேண்டும்.

மாலையில் ஐந்து நிமிடம்

வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, வண்டியை மேட்டில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். காலையில் இன்ஜினைச் சில நிமிடம் சுமையின்றி ஓடவிட்டுப் பிறகே வயலில் இறக்க வேண்டும். கியர் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் அடிக்கடி பார்ப்பது நல்லது. எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் சேற்று நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அறியலாம். உடனே எண்ணெயை மாற்றி, தேய்ந்த சீலையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் துருப்பிடித்துத் தேயும்.

நாற்றங்காலில் விதை விட்ட அன்றே பெல்ட்டையும் கிளட்சையும் ஒரு முறை பார்த்துவிட்டால் கோளாறைத் திருத்த மூன்று வாரம் கையில் இருக்கும். நாற்றுப் பறிக்கும் அன்று பார்த்தால் ஒரு நாள்கூட இருக்காது. தாமாகச் சரிசெய்ய இயலாத விவசாயிகள் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை பெறலாம்.