புதுசு வந்தாலும் பழசு வேண்டும்!

வீட்டிலிருந்தே டைப்பிங், ஜி.எஸ்.டி. கணக்கு என்று நாலு காசு பார்க்கும் தோழியர் பலரிடம் ஒரே புலம்பல். "கம்ப்யூட்டரையே மாத்தணும்னு கடையில சொல்றாங்களே!"

விஷயம் இதுதான். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதற்காக சீட்டுப் பணம் முழுவதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டுமா என்ன?

நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதும் என் நாத்தனார் கெட்டிக்காரி. "அண்ணி, அடுத்த பெட்டிக்கும் கூட வர்ற சாமானுக்குத்தான் காசு செலவழிப்பேன்" என்றாள். முதலில் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டினாள். ஆன் செய்துவிட்டுக் காபி போட்டு வரும் வரை யோசித்த மெஷின், டம்ளரைக் கழுவுமுன் தயாராகிவிட்டது! ராம் கூட்டச் சொன்னார்கள். அதை மட்டும் வேண்டாமென்றாள். பழசில் இருப்பது டி.டி.ஆர்.3. டி.டி.ஆர்.4 கேட்கும் புது போர்டில் அது பொருந்தவே பொருந்தாது.

ஆறு மாதம் கழித்துப் பெட்டி மட்டும் புதுசு. மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ்., எஸ்.எஸ்.டி. எல்லாம் பழையவையே. (மானிட்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால், புதுப் பெட்டியிலும் அது உண்டா என்று பார்த்து வாங்குங்கள். பழைய பெட்டியோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் புதுசுக்குச் செல்லாது. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.)

அவள் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கழற்றிய ஹார்டு டிஸ்கை அழிக்காமல் வைத்திருந்து, திரும்பப் பழைய பெட்டியிலேயே மாட்டினாள். கணக்குகளின் நகலை பென் டிரைவில் எடுத்து அதிலும் ஏற்றி வைத்தாள். மாதா மாதம் 3பி ரிட்டர்ன் போட 20-ம் தேதி கடைசி. தவறினால், வியாபாரம் நடந்த மாதத்துக்கு, நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். புது மெஷின் அன்றைக்கென்று பார்த்து முரண்டு பிடித்தால், கடைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? அந்த 20-ம் தேதி தாண்டும் வரை பழசை அவள் யாரையும் தொட விடவில்லை.

அதன்பின் அதில் இலவச லினக்ஸ் மின்ட் ஏற்றியாயிற்று. விண்டோஸுக்கென்று செய்த கணக்கு சாப்ட்வேர் அதில் நேரடியாக ஓடாது. ஆனால் பையனின் தமிழ் டைப்பிங்குக்கும் பாட வீடியோவுக்கும் தாராளம். யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். நம்மை நம்பி வந்தவர்களின் பான் நம்பரும் பாங்க் கணக்கும் அதில் இருக்கிறதே!