டாக்கோவுக்கு ஒரு திருநாள்

பண்டிகை முன்னே வரும், பலகாரம் பின்னே வரும் என்பது நாம் பழகிய முறை. தீபாவளிக்காக அதிரசம் சுட்டோமேயன்றி, அதிரசத்துக்காக எவரும் தீபாவளியைத் தோற்றுவிக்கவில்லை. இக்காலத்திலோ அம்முறை தலைகீழாகி வருகிறது. உணவு முதலில் புகழ் பெறுகிறது; பின்னர் அதற்கென்று ஒரு நாள் குறிக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு தொடங்கி மார்ச் 30ஆம் தேதி உலக இட்டிலி நாளாகக் கொண்டாடப்படுவதை நேயர்கள் கேள்வியுற்றிருக்கலாம். சென்னையில் பிறந்த வழக்கம் அது. அதற்கு மறுநாள், மார்ச் 31ஆம் தேதி, உலகின் மறுகோடியில் மெக்ஸிகோ நாட்டார் தங்கள் டாக்கோவுக்கு விழா எடுக்கின்றனர். இரண்டும் அடுத்தடுத்து வருவது தற்செயல்தான். இங்கே சொல்ல வந்தது இரண்டாவது விழாவைப் பற்றி.

டாக்கோ என்பது யாது? உள்ளங்கையளவான மக்காச்சோள ரொட்டியின்மேல் இறைச்சியோ, மீனோ, காளானோ, வேகவைத்த பயற்று வகையோ வைத்து, பொடியாக அரிந்த வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவி, மிளகாய்த் துவையல் சிறிது விட்டு, எலுமிச்சை பிழிந்து, இரண்டாக மடித்துக் கையில் ஏந்தி உண்பது. தட்டும் கரண்டியும் வேண்டுவதில்லை. ரொட்டியே தட்டு, ரொட்டியே கரண்டி. தெருமுனைக் கடையில் நின்றபடி உண்பது மரபு. சாறு சட்டையில் சொட்டாதிருக்க உடலைச் சற்றே முன்வளைத்து, தலையை ஒருபுறம் சாய்த்துக் கடிக்க வேண்டும். கூலியாளும் அதிகாரியும் ஒரே கடைமுன் அவ்வாறு சாய்ந்து நிற்பர். மெக்ஸிகோ நகரில் 1968 முதல் நடந்துவரும் எல் கலீஃபா தே லியோன் என்னும் மிகச் சிறிய கடைக்கு, 2024ஆம் ஆண்டில் மிஷலின் உணவு வழிகாட்டி தன் நட்சத்திர விருதை அளித்தது. அங்கும் நின்றுதான் உண்ண வேண்டும்.

திருநாள் மிக இளையது. 2007ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் முயற்சியால் தோன்றியது. டாக்கோ என்னும் பெயரும் அத்தனை பழமையானதன்று. வெள்ளிச் சுரங்கங்களில் பாறையைப் பிளப்பதற்கு வெடிமருந்தைக் காகிதத்தில் சுருட்டித் துளையில் திணிப்பதுண்டு. அச்சுருளுக்கு டாக்கோ என்று பெயர். உணவின் பெயர் அதனின்று வந்திருக்கலாம் என்பது ஜெஃப்ரி பில்ச்சர் என்னும் வரலாற்றாசிரியரின் கருத்து. உள்ளிருக்கும் மிளகாயை நினைத்தால் அக்கருத்தை மறுக்கத் தோன்றவில்லை.

ஆனால் அந்த ரொட்டி மிகப் பழையது. டோர்ட்டியா என்று ஸ்பானிய மொழியில் வழங்கும் அதுவே டாக்கோவின் உயிர். உள்ளே வைப்பது ஊருக்கு ஊர் மாறும்; ரொட்டி கெட்டால் எல்லாம் கெட்டது.

பஞ்சாபிலும் டில்லியிலும் வாழும் நம்மவர், குளிர்காலத்தில் கடுகுக் கீரையுடன் பரிமாறும் மக்காச்சோள ரொட்டியைச் சுவைத்திருப்பர். அதைத் தட்டும்போதே ஓரம் வெடிக்கும், மடித்தால் பிளக்கும். மெக்ஸிகோ ரொட்டியோ துணிபோல மடிகிறது. தானியம் ஒன்றே. வேறுபாடு சுண்ணாம்பில் இருக்கிறது. உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கரைத்த நீரிலிட்டு வேகவைத்து, இரவு முழுதும் அப்படியே ஊற விடுகின்றனர். காலையில் தோல் கழன்று வரும். நன்கு அலசியபின், சாய்வான கல்லில் குழவியால் முன்னும் பின்னும் இழைத்து அரைப்பர். நம் அம்மிக்கு உடன்பிறப்பு எனத்தக்க கல் அது. விடியுமுன் எழுந்து, மண்டியிட்டு, குடும்பம் முழுமைக்கும் மாவரைப்பது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தலையில் விழுந்த வேலை. இருபதாம் நூற்றாண்டில் இயந்திர ஆலைகள் ஊருக்கு ஊர் வந்த பிறகே அவர்களுடைய முதுகு நிமிர்ந்தது. கைப்பக்குவத்தைப் புகழ்வோர் இதை மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறு பதப்படுத்திய சோளத்துக்கு நிஷ்டமால் என்று பெயர். அந்நாட்டுப் பழங்குடியினரின் நாஹுவாட்டில் மொழிச்சொல் அது. அதன் பின்பாதியான தமால்லி என்பது நம் மொழியின் பெயர்போல் ஒலிக்கிறதே என்று எவரும் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம், உறவு ஏதுமில்லை. சுண்ணாம்பு நீர் சோளத்தின் தோலைத் தளர்த்தி மாவுக்குப் பசை தருகிறது. அதனினும் பெரிது மற்றொன்று: தானியத்தினுள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்னும் உயிர்ச்சத்தை அது விடுவிக்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அம்மக்கள் இம்முறையைக் கண்டிருந்தனர்.

ஸ்பானியர் சோளத்தைக் கப்பலேற்றினர். சுண்ணாம்பு முறையை ஏற்றவில்லை. வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலும், சோளத்தையே நம்பி உயிர்வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் பற்றியது. தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, சித்தம் கலங்கியது, பல்லாயிரவர் மாண்டனர். அது தொற்றுநோயன்று, உணவுக் குறையே என்று டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915ஆம் ஆண்டுச் சோதனையால் காட்டினார். குறைந்த பொருள் நயாசின் என்பது 1937ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. விடியற்காலையில் சோளம் அலசிய மெக்ஸிகோப் பெண் அப்பெயரை அறியாமலே தன் மக்களைக் காத்திருந்தாள்.

ரொட்டி மண்ணுக்குரியது, உள்ளீடு அவ்வாறன்று. இன்று மெக்ஸிகோ நகரில் மிகவும் விரும்பப்படும் டாக்கோ, 'இடையர் பாணி' என்னும் பொருள்பட அழைக்கப்படும் அல் பாஸ்தோர். அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் லெபனான் வரை போகவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டிலிருந்து குடியேறியோர், செங்குத்தான கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுழற்றி வாட்டும் தங்கள் முறையைப் புவேப்லா நகருக்குக் கொண்டு வந்தனர். அவர்கள் தாய்நாட்டில் ஆட்டிறைச்சியும் கோதுமை ரொட்டியும். புது நாட்டில் ஆடு போய்ப் பன்றி வந்தது. கோதுமை போய்ச் சோளம் வந்தது. மசாலையில் மிளகாய் ஏறியது. உச்சியில் அன்னாசிப் பழம் அமர்ந்தது. சுழலும் அக்கம்பியின் பெயர் திரோம்போ. பம்பரம் என்று பொருள். குளிரில் இட்டிலி மாவு பொங்காமல் திண்டாடி, ஏதேதோ உபாயம் கண்டுபிடித்த டில்லித் தமிழருக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பின்னர் டாக்கோ தானே குடியேறியாயிற்று. மெக்ஸிகோவிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சென்றவர்களுடன் அதுவும் எல்லை கடந்தது. ரொட்டியை வளைத்துப் பொரித்து எடுக்கும் கருவி ஒன்றுக்கு, நியூயார்க்கில் உணவகம் நடத்திய ஹுவென்சியோ மால்டனாடோ என்னும் மெக்ஸிகோக்காரர் 1950ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அப்பளம்போல் நொறுங்கும் அவ்வடிவமே அங்குப் பரவியது. அமெரிக்கர் அக்டோபர் 4ஆம் தேதியைத் தங்கள் டாக்கோ நாளாகக் கொண்டிருந்தனர். 2024 முதல் அக்டோபர் மாதத்து முதற் செவ்வாய்க்கு அது மாற்றப்பட்டது. செவ்வாய்க்கிழமை டாக்கோ உண்பது அங்கே ஒரு வழக்கம். 'டாக்கோ செவ்வாய்' என்னும் சொற்றொடரையே ஓர் உணவக நிறுவனம் 1989இல் தன் வணிகச் சின்னமாகப் பதிந்து, 2023 வரை தனக்கே உரியது என்று வைத்திருந்தது. கிழமைக்கும் பட்டா வாங்கலாம் போலும்!

இனி, விழா தோன்றிய 2007ஆம் ஆண்டுக்குத் திரும்புவோம். அவ்வாண்டு ஜனவரி 31ஆம் தேதி, மெக்ஸிகோ நகரின் பெருஞ்சதுக்கத்தை நோக்கிப் பல்லாயிரவர் ஊர்வலம் சென்றனர். அவர்கள் கேட்டது டோர்ட்டியா. சில மாதங்களில் அதன் விலை கடுமையாக ஏறியிருந்தது. அமெரிக்காவில் சோளத்திலிருந்து எரிசாராயம் வடிப்பது பெருகியதால் தானிய விலை உயர்ந்தது ஒரு காரணம். இடைத்தரகர் பதுக்கியதும் காரணம் என்று மக்கள் குமுறினர். 1994ஆம் ஆண்டு வட அமெரிக்கத் தடையற்ற வாணிப ஒப்பந்தத்துக்குப்பின், மலிவான அமெரிக்கச் சோளத்தோடு போட்டியிட இயலாமல் சிறு உழவர் பலர் நிலத்தை விட்டிருந்தனர். கிலோ ஒன்றுக்கு 8.50 பேசோ என்று உச்சவிலை குறிக்கும் உடன்படிக்கையை அரசு செய்துகொள்ள நேர்ந்தது. சோளமின்றி நாடில்லை என்பது அந்நாளைய முழக்கம். ஆக, ரொட்டிக்காகத் தெருவில் நின்ற ஆண்டிலேயே ரொட்டிக்கு மேல் வைப்பதற்கும் விழா பிறந்தது.

அம்முழக்கம் ஓயவில்லை. செப்டம்பர் 29ஆம் தேதி சோளத்துக்கென்றே ஒரு தேசிய நாள் அங்கு உண்டு. மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடலாகாது என்று 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டனர். கால்நடைக்கு வேண்டிய மஞ்சள் சோளம் பெருமளவில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது. டோர்ட்டியாவுக்கு வேண்டிய வெள்ளைச் சோளத்தை மட்டும் பெரும்பாலும் தாங்களே விளைத்துக்கொள்கின்றனர்.

நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இப்போது டாக்கோ விற்கும் கடைகள் உள்ளன. புகுந்தால், ரொட்டி எந்த மாவு என்று கேட்டுப் பாருங்கள். கோதுமை என்றால் குறையில்லை. மெக்ஸிகோவின் வடபகுதியிலும் அவ்வழக்கம் உண்டு. சோளம் என்றால், சுண்ணாம்பு நீரில் ஊறியதா என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள். கடைக்காரர் வியப்போடு பார்ப்பார். ரொட்டி வரட்டும், மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.