ஸ்லாட் யாருக்குக் கிடைச்சது? கோவின் தரும் ஒரு டிசைன் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு டிசைன் எபிசோட். பட்டன் என்ன கலர், ஃபாண்ட் என்ன சைஸ் என்ற பேச்சு இதில் கிடையாது. ஹியூமன் சென்டர்ட் டிசைன்னு சொல்றாங்களே, மனிதரை மையமா வச்சு வடிவமைக்கிற முறை, அது ஒரு ஊருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ நியாயத்தைக் கொண்டுவருமா? இதுதான் கேள்வி. இதைப் பேச நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஓர் உதாரணத்தை எடுத்துக்கிறேன்: கோவின். 2021இல் தடுப்பூசிக்கு ஸ்லாட் புக் பண்ணோமே, அந்தத் தளம்தான்.

முதலில் நேர்மையா ஒண்ணைச் சொல்லிடறேன். ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியரா பார்த்தால் கோவின் பெரிய வேலை. 2022 ஜூலையில் இந்தியா 200 கோடி டோஸைத் தாண்டியது. அத்தனை டோஸையும் பதிவு செய்து, சான்றிதழ் கொடுத்து, சர்வர் தாங்கி நிற்பது சாதாரண விஷயம் இல்லை. நம்ம கேள்வி வேறு. தடுப்பூசி தட்டுப்பாடா இருந்த நாட்களில், அந்த டிசைன் யாரை வரிசையில் முன்னாடி நிறுத்தியது?

நாலே ஸ்டெப்தான், ஆனா யாருக்கு?

45 வயதுக்கு மேற்பட்டவர்கள் நேரா மையத்துக்கே போய்ப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு 2021 மே 1ஆம் தேதி தொடங்கியபோது விதி மாறியது. ஆன்லைன் பதிவும், முன்கூட்டியே எடுத்த அப்பாயின்ட்மென்ட்டும் கட்டாயம். ஏப்ரல் 28ஆம் தேதி பதிவு திறந்த முதல் நாளே 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்தார்கள். தேவை மலையளவு, ஊசி மருந்து கையளவு.

ஃப்ளோவை ஞாபகப்படுத்திப் பாருங்க. மொபைல் நம்பர் கொடு. ஓடிபி போடு. அடையாள அட்டை எண்ணைப் பதிவு செய். பின்கோடு அல்லது மாவட்டம் வச்சு ஸ்லாட் தேடு. நமக்கு இது நாலு ஸ்டெப். ஆனால் ஒவ்வொரு ஸ்டெப்பும் ஒரு வாசற்படி. சொந்த போன் இல்லாதவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். ஒரு நம்பரில் நாலு பேர் வரை பதிவு செய்யலாம் என்று இருந்தது உண்மைதான். ஆனாலும் வீட்டில் யாருக்காவது போனும், டேட்டாவும், அதை இயக்கத் தெரிந்த கையும் வேண்டும். தொடக்கத்தில் தளம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஜூன் மாதம் மாநில மொழிகள் வந்தபோது, முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள்.

இதெல்லாம் முன்கூட்டியே தெரியாத விஷயமா? 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று தெளிவாகச் சொல்லியிருந்தது. இணைய வசதி இருந்த வீடுகள் நகரத்தில் 42 சதவீதம், கிராமத்தில் 14.9 சதவீதம். அதாவது தரவு அரசின் கையிலேயே இருந்தது. தரவு சொன்ன அந்த ஆட்கள்தான் டிசைனுக்குள் வரவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதத் தெரிஞ்சவன் முன்னாடி

இப்போ நம்ம ஆட்கள் கதைக்கு வருவோம். கோவினில் பொதுவாகத் திறந்த ஏபிஐ இருந்தது. எந்த மையத்தில் எத்தனை ஸ்லாட் என்று ஒரு புரோகிராம் கேட்டால் பதில் வரும். உடனே கோடர்கள் இறங்கிட்டாங்க. சென்னையைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் கட்டிய தளம், ஸ்லாட் திறந்ததும் டெலிகிராமில் தகவல் தரும். லட்சக்கணக்கானவர்களுக்கு அது உதவியாக இருந்தது. இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், புக்கிங்கையே தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட்களை கிட்ஹப்பில் போட்டார்கள். என் நண்பர்கள் வட்டத்திலும் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் லிங்க் சுற்றி வந்தது.

எழுதினவங்க யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதலை. ஆனால் விளைவைப் பாருங்க. ஸ்லாட் சில வினாடிகளில் காலி. நகரத்து ஆட்கள் பக்கத்து மாவட்டத்துக் கிராம மையங்களில் புக் பண்ணிட்டு, கார் எடுத்துக்கொண்டு போனார்கள். மகாராஷ்டிரா, கர்நாடகாவிலிருந்து அப்போது இப்படிப் பல செய்திகள் வந்தன. அந்தக் கிராமத்துக்காரருக்குத் தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி கிடைக்கவில்லை. மருந்து அவர் ஊருக்குத்தான் வந்தது, ஸ்லாட் வேற ஊருக்குப் போயிடுச்சு.

'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்ற விதி கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு! அதை இணையத்தில் வைத்தால் யார் முதலில் வருவார்? வேகமான நெட் இருப்பவர். பகல் முழுக்க ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து ரெஃப்ரெஷ் பண்ண முடிகிறவர். கட்டட வேலையில் இருப்பவரால் பகலில் அதைச் செய்ய முடியுமா? யாரையும் தள்ளி வைக்கணும் என்று ஒரு வரிகூட கோடில் இல்லை. ஆனாலும் தள்ளி வைத்தது. எல்லாருக்கும் ஒரே கதவைத் திறந்து வைப்பது சமத்துவம். எல்லாராலும் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு கதவு வைப்பது சமநீதி. ஈக்விட்டி என்று சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாட்களைத் தடுக்க வைப்பது கேப்ச்சா. பார்வையற்றவர்களுக்கு அதுவே ஒரு சுவர். 2021 மே 31ஆம் தேதியிட்ட உச்ச நீதிமன்ற உத்தரவு இதையும் குறித்தது. தளத்தில் ஆடியோ கேப்ச்சா இல்லை, தேடலுக்கான ஃபில்டர்கள் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பயன்படுத்தும் விதத்தில் இல்லை என்று அதில் வந்தது. நாட்டின் டிஜிட்டல் இடைவெளியைப் பற்றியும் அரசிடம் நீதிமன்றம் விளக்கம் கேட்டது.

இன்னொரு கதவு

பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. மே 24ஆம் தேதி, 18-44 வயதினரும் அரசு மையங்களில் நேரடியாகப் பதிவு செய்யலாம் என்றார்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்குப் பக்கத்திலேயே மையம் அமைக்க வழிகாட்டுதல் வந்தது. தமிழ்நாட்டில் செப்டம்பர் 12ஆம் தேதி முதல் மெகா முகாம். மாநிலம் முழுக்க ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ். நவம்பரில் நாடு முழுக்க வீடு வீடாகப் போகும் இயக்கம் ஆரம்பமானது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. கோவினை யாரும் தூக்கிப் போடலை. பதிவு அதில்தான் நடந்தது. மாறியது ஒண்ணுதான்: போனைப் பிடிக்கிற வேலை மக்களிடமிருந்து சுகாதார ஊழியர் கைக்குப் போனது. மருந்து வரத்து கூடியதும் பெரிய காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மருந்து மட்டும் கூடி, கதவு அந்த ஒண்ணாகவே இருந்திருந்தால், போன் இல்லாதவர் அப்போதும் வெளியேதான் நின்றிருப்பார்.

யூசர் என்று யாரைச் சொல்கிறோம்?

டிசைன் வகுப்புகளில் ஐந்து படிகள் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டின் டி ஸ்கூல் அதைப் பிரபலமாக்கியது: புரிந்துகொள், பிரச்சினையை வரையறு, யோசனைகளைக் கொட்டு, மாதிரி செய், சோதித்துப் பார். நல்ல முறைதான். ஆனால் முதல் படியில் யாரைப் புரிந்துகொள்வது என்று தேர்ந்தெடுப்பது நாம்தான். அங்கே தவறவிட்டவர் ஐந்தாவது படி வரைக்கும் வரவே மாட்டார். அதனால்தான் சமநீதிக்கான டிசைனைப் பேசுகிறவர்கள் இந்தப் படிகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். தொடங்கும் முன் 'நான் யார், எந்த இடத்திலிருந்து பார்க்கிறேன்' என்று கவனிப்பது. போகப் போக, யார் மேல் என்ன விளைவு என்று நின்று யோசிப்பது.

கோவின் அரசாங்க விஷயம், நமக்கென்ன என்று நினைக்காதீங்க. நம்ம அபார்ட்மென்ட் கேட்டில் இருக்கும் ஆப்பையே எடுத்துக்குவோம். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் எல்லாம் பதிவாகும். பல ஆப்களில் அவருக்கு ஸ்டார் ரேட்டிங்கூடக் கொடுக்கலாம். அவர் வீட்டுக்காரருக்கு ரேட்டிங் கொடுக்க முடியுமா? தப்பாப் பதிவான நேரத்தைத் திருத்தச் சொல்ல அவருக்கு ஒரு வழி இருக்கா? ஆப்புக்குள் அவர் ஒரு பதிவு, அவ்வளவுதான். வேலை போனால் இழப்பு அவருக்கு. லாகின் இருப்பது நமக்கு.

அதனால் உங்க டீமிலோ, அசோசியேஷன் கூட்டத்திலோ அடுத்த முறை எதையாவது 'ஆன்லைன் ஆக்கிடலாம்' என்று யாராவது சொன்னால், மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று: இது சரியா வேலை செய்யலைன்னா அதிகம் இழப்பது யார்? முதல் பேட்டி அவரோடு நடக்கட்டும். அவருடைய அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசும் கொடுங்க. நமக்கு அது மீட்டிங், அவருக்கு அது கூலி.

இரண்டு: போன் இல்லாமல், ஆங்கிலம் இல்லாமல், கண் பார்வை இல்லாமல் இதை முடிக்க ஒரு வழி இருக்கா? இருந்தால், அந்த வழி மெயின் வழியைவிட எத்தனை நாள் தாமதம்?

மூன்று: வெளியிட்ட பிறகு எதை எண்ணப் போறோம்? மொத்த புக்கிங் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாம் பச்சையாத்தான் தெரியும். யார் எந்தப் படியில் நின்றுவிட்டார்கள் என்று பிரித்துப் பாருங்க. முதல் படிக்கே வராதவர்கள் எந்த டாஷ்போர்டிலும் தெரிய மாட்டார்கள். அவர்களைத் தேடி நேரில்தான் போகணும்.

மூன்றாவது கேள்விதான் ரொம்பக் கஷ்டம். டெட்லைன் நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஆனால் அதைக் கேட்காமல் விட்டால், நல்ல மனசும் சுத்தமான கோடும் சேர்ந்துகூட ஒருத்தரை வெளியே நிறுத்திடும்.

உங்க ஆபீஸிலோ ஏரியாவிலோ இப்படி ஒரே கதவோட இருக்கிற சிஸ்டம் எது? இன்னொரு கதவு எங்கே வைக்கலாம்? ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்ல யோசனைகளை அடுத்த எபிசோடில் போடறேன். பார்ப்போம் மக்களே!