தேடு சுருளுக்கு ஏற்ற சட்டை

1980ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங்கோவர் என்ற சிற்றூருக்கு அருகே, கெவின் ஹில்லியர் என்பவர் கையில் ஓர் உலோகங்காட்டியுடன் தங்கம் தேடிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் கருவி குரல் கொடுத்தது. தோண்டிப் பார்த்தார். ஒரு முழத்துக்கும் குறைவான ஆழத்தில் 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று நிமிர்ந்து நின்றிருந்தது! 'நம்பிக்கையின் கை' என்ற பொருளில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. பிறகு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்ட விடுதி ஒன்று அதை விலைக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தது.

விக்டோரியாவின் தங்க வயல்களில் இன்றும் அரசின் அனுமதிச் சீட்டுடன் பலர் உலோகங்காட்டியைக் கொண்டு தேடுகிறார்கள். அவர்கள் கையிலுள்ள கருவியில் மிகுதியாக அடிபடும் உறுப்பு எது தெரியுமா? கோலின் நுனியில், தரையை ஒட்டி, தட்டு வடிவத்தில் இருக்கும் தேடு சுருள்தான். அந்தத் தட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டுகிறார்கள். பார்க்கச் சமையலறைத் தட்டு போலிருக்கும். இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கருவியின் கண்ணுக்கு நேர் முன்னால் நிற்கும் பொருள் அது. கண்ணாடி சரியில்லாவிட்டால் கண் எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயன் என்ன?

முதலில் சுருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ரயில் நிலைய வாசலில் நிற்கும் சட்டத்துக்கும், காவலர் உடலின்மேல் தடவிப் பார்க்கும் கைக்கருவிக்கும் அடிப்படை ஒன்றே. தட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி, அதில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். அதனால் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் படும்போது அதனுள் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்புகின்றன. இந்த எதிரொலியைத் தட்டுக்குள் இருக்கும் இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. மின் துடிப்புகளை அனுப்பி வேலை செய்யும் சிலவகைக் கருவிகளில் ஒரே சுருள் அனுப்புவதும் கேட்பதுமாக இரு வேலைகளையும் செய்யும்.

இரண்டு சுருள்கள் இருக்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. அனுப்பும் சுருளின் பலத்த குரல் நேராகக் கேட்கும் சுருளில் விழுந்தால், மண்ணிலிருந்து வரும் மெல்லிய முனகல் எங்கே கேட்கப் போகிறது? ஆகவே ஒன்றன் பாதிப்பு மற்றதில் ஏறக்குறைய சுழியாகும்படி இரண்டையும் ஓர் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்து, எபாக்சிப் பிசினை ஊற்றி அசையாமல் இறுக்கிவிடுகிறார்கள். நகைக்கடைத் தராசு போன்ற சமநிலை இது. கல்லில் மோதிக் கம்பி மயிரிழை இடம் பெயர்ந்தாலும் சமநிலை கெடும். மேலும், பல தட்டுகளின் உள்பக்கத்தில் கிராஃபைட் கலந்த பூச்சு ஒன்று உண்டு. ஈரப்புல் தட்டில் உரசும்போது ஏற்படும் மின்தேக்க மாறுதல்கள் சுருளைப் பாதிக்காமல் காப்பது அதன் வேலை. வெளி ஓடு தேய்ந்து அந்தப் பூச்சு வெளியே தெரிந்துவிட்டால், புல் அசைந்தாலே கருவி கத்தத் தொடங்கிவிடும்.

ஓடு அவ்வளவு எளிதில் தேயுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். தேடுபவர் தட்டை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கிறார். ஒரு வீச்சு 1.5 மீட்டர், நிமிடத்துக்கு 30 வீச்சு என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் தட்டு 2.7 கிலோமீட்டர் தூரம் தரையில் உரசுகிறது. ஆறு மணி நேரத்தில் 16 கிலோமீட்டர்! உரசும் தரையோ வெண்படிகக் கல் சிதறிக் கிடக்கும் தரை. விக்டோரியாவில் தங்கம் படிகக்கல் பாளங்களோடு சேர்ந்து கிடைப்பதால், தங்கம் தேடும் இடமெல்லாம் அந்தக் கல் இருக்கும். எஃகுக் கத்தியையே கீறும் கடினம் அதற்கு. பிளாஸ்டிக் அதற்கு எம்மாத்திரம்?

'தட்டைத் தரையில் உரசாமல் சற்றுத் தூக்கிப் பிடித்தால் போயிற்று, உறை எதற்கு? அது தடிமனாக இருந்து ஆழத்தை வேறு குறைத்துவிடுமே!' என்று வாதிடுபவர்கள் உண்டு. இந்த வாதத்தைக் கணக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. தட்டிலிருந்து வெகு தூரம் போனபின், தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிறது. எதிரொலியும் அதே வழியில் திரும்பி வரவேண்டுமல்லவா? அது மீண்டும் எட்டில் ஒரு பங்காகிறது. ஆக மொத்தம் குறிப்பு அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அருகில் இருக்கும்போது இவ்வளவு கடுமை இல்லை. 28 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சுருளை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவுக்கு நேர் கீழே 30 சென்டிமீட்டர் ஆழத்தில் சிறு தங்கத் துணுக்கு ஒன்று இருக்கிறது. உறையின் தடிமனும் இடைவெளியும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் என்றால், குறிப்பு சுமார் 5 சதவீதம் குறையும். உறை இல்லாமல், தட்டு கெட்டுவிடுமே என்று பயந்து 3 சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்தால் எவ்வளவு குறையும்? சுமார் 38 சதவீதம்! உறை மாட்டியவர் துணிந்து தரையோடு தரையாகத் தடவுகிறார். மாட்டாதவர் அந்தரத்தில் வீசுகிறார். ஆழம் யாருக்கு மிச்சம் என்று நீங்களே சொல்லலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே உறை வேண்டும் என்பேன்.

இனி, எந்தப் பொருளால் ஆன உறை? உலோகம் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. உலோகத் திருகாணியும் கூடாது. அழகுக்காக 'சில்வர் பெயிண்ட்' அடிப்பதும் கூடாது, அதில் இருப்பது அலுமினியத் தூள். கரி இழை கலந்த பொருள் இலேசானது, உறுதியானது; ஆனால் கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். ஆகையால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் எல்லாமே கரி கலந்தது, ஆகாது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது வீண் அச்சம். நிறத்துக்காகவும் வெயில் தாங்குவதற்காகவும் சேர்க்கும் கரித்தூள் மிகக் குறைவு. துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் கிடப்பதால் மின்சாரம் பாயாது. நிலைமின்சாரத்தைத் தடுப்பதற்கென்றே கரியை மிகுதியாகக் கலந்து செய்யும் பிளாஸ்டிக்கைத்தான் தவிர்க்க வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் உறைகளில் பல ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. தலைக்கவசத்தின் ஓடு பலவற்றில் இதுவே. விறைப்பாக இருக்கும், அச்சில் எளிதில் வார்க்கலாம், விலையும் அதிகமில்லை. நாள்தோறும் கடும் வெயிலில் கிடந்தால் பல மாதங்களில் மஞ்சளித்து நொறுங்கும் தன்மை வரும். பாலிகார்பனேட் மோதலை நன்றாகத் தாங்கும். ஆனால் எளிதில் கீறல் விழும். உரசலைத் தாங்குவதில் பாலிதீன் இனத்துக்குத்தான் முதலிடம். எண்ணெய்க் கேன்கள் செய்யும் உயர் அடர்த்திப் பாலிதீனே நன்றாக வழுக்கிச் செல்லும். அதைவிட நீண்ட மூலக்கூறுகள் கொண்ட வகை இன்னும் பல மடங்கு உழைக்கும். குறை என்னவென்றால் பாலிதீனில் பசை ஒட்டாது, மெல்லியதாக வார்த்தால் தொளதொளவென்று வளையும். நைலானும் தேய்மானம் தாங்கும். தண்ணீரை உறிஞ்சி உப்புவதால் கடற்கரைக்கு ஆகாது. கண்ணாடி இழை உறை மெல்லியதாகவும் விறைப்பாகவும் இருக்கும். விளிம்பு தேய்ந்தால் இழைகள் பிரிந்து கையில் குத்தும்.

படிகக்கல் மிகுந்த நிலத்துக்குப் பாலிதீன், முள்ளும் கட்டையும் நிறைந்த காட்டுக்கு ஏ.பி.எஸ். அல்லது பாலிகார்பனேட் என்பது என் கருத்து. ஆனால் பொருளைவிடப் பொருத்தம் முக்கியம். எந்த மாதிரிச் சுருளோ அதற்கென்று வார்த்த உறையையே வாங்க வேண்டும். குறுக்களவு ஒன்றாக இருக்கிறதே என்று வேறொன்றின் உறையை மாட்டினால், அது ஆடும். ஆடினால் என்ன கெடுதல்?

கெடுதல் உறையால் அல்ல, உறைக்குள் நுழையும் மண்ணால் வருகிறது. விக்டோரியாவின் மண்ணில் இரும்புச் சத்துள்ள சிறு உருண்டைக் கற்கள் ஏராளம். மேக்னடைட் கலந்த கருமணலும் உண்டு. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் மணல் அது. பல கருவிகள் தம் குறிப்பில் ஏற்படும் மாறுதலை மட்டுமே கவனிக்கும்படி அமைக்கப்பட்டவை. அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் பொருளைப் பொருட்படுத்துவதில்லை. தட்டோடு இறுகப் பொருந்திய உறை அதனால்தான் தொல்லை தருவதில்லை. ஆனால் உறைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு பிடி கருமணல் புகுந்து, வீசும்போதெல்லாம் இங்குமங்கும் ஓடினால்? காந்தப் பொருள் சுருளிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் ஓடுகிறது! கருவி விடாமல் பொய்க்குரல் எழுப்பும். தேடுபவர் எரிச்சலடைந்து கருவியின் கூருணர்வைக் குறைத்து வைப்பார். அதோடு ஆழத்திலுள்ள சிறு துணுக்குகளும் கைநழுவும். மாலையில், 'இந்த நிலத்தில் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவார்!

கடற்கரையில் இதே வேலையை உப்பு நீர் செய்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். உறைக்குள் அது தளும்பினால் அதுவும் ஒரு குறிப்புதான். நன்றாக அடைத்துவிட்டால் நீர் புகாது, ஆனால் உள்ளே காற்று அடைபடும். மேலே சொன்ன 28 சென்டிமீட்டர் தட்டில் இடைவெளி 3 மில்லிமீட்டர் இருந்தால், காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 185 கன சென்டிமீட்டர். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி அது 185 கிராம் அளவுக்குத் தட்டை மேலே தள்ளும். இடுப்பளவு நீரில் நின்று தேடுபவர் ஒவ்வொரு வீச்சிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். நீருக்குள் தேடுவோர் இடைவெளியே இல்லாதபடி ஒட்டிப் பொருந்தும் உறையை நாடுவதும், சிலர் உறையே வேண்டாம் என்று கழற்றிவிடுவதும் இதனால்தான். நீரடி மணல் மென்மையானது, கல்லைப் போல் மோதாது.

நிலத்தில் தேடுபவருக்கு வழி இரண்டு. உறையின் விளிம்பைச் சுற்றி மின்பணியாளர்கள் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப்பை இறுக ஒட்டலாம்; அலுமினியத் தாள் ஒட்டு நாடாவை அல்ல. அல்லது ஒன்றும் ஒட்டாமல், ஒவ்வொரு நாளும் உறையைக் கழற்றிக் கழுவித் துடைக்கலாம். அரைகுறையாக ஒட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் போகாது என்று மாதக்கணக்கில் திறக்காமல் இருப்பதுதான் மிக மோசம். புகுந்த மணல் உள்ளேயிருந்தே தட்டின் ஓட்டை அரைக்கும்.

எடையையும் மறக்கக் கூடாது. அதே அளவு ஏ.பி.எஸ். உறை 2 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 130 கிராம் இருக்கும், விளிம்பு தனி. சிறிய எடைதான். ஆனால் கைப்பிடியிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, நெம்புகோலின் நுனியில் அது தொங்குகிறது. தடிமனை இரட்டித்தால் மாலையில் தோள் சொல்லும். முழு வட்டுக்குப் பதில் ஆரக்கால் வடிவில் திறப்புகள் உள்ள தட்டும் உறையும் கிடைக்கின்றன. இலேசானவை, ஆனால் அடிக்கட்டைப் புல் அந்தத் திறப்புகளில் மாட்டிக்கொண்டு இழுக்கும்.

வாங்கிய உறை நல்லதா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கருவியையே கேட்கலாம். ஆணி இல்லாத மரப்பலகையின்மேல் தட்டை வைத்து, கருவியை முடுக்கி, உறையைச் சுருளின் அருகே கொண்டுவந்து அசையுங்கள். மௌனமாக இருந்தால் பொருளில் குற்றமில்லை. அடுத்து, உறை இல்லாமல் ஒரு நாணயத்தை எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் கருவி உணர்கிறது என்று அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உறையை மாட்டியபின் மறுபடி அளந்தால் சில மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. கடைசியாக, மாட்டிய உறையை விரலால் தட்டி, அழுத்தி விடுங்கள். கருவி முணுமுணுத்தால் பொருத்தம் சரியில்லை.

இந்தச் சோதனை தங்கம் தேடுபவருக்கு விருப்பம்; வேறொரு தொழிலில் அது கட்டாயம். இலங்கையின் வடக்கே 2009இல் போர் முடிந்த பிறகும் மண்ணுக்குள் தங்கிவிட்ட மிதிவெடிகளை அகற்ற, பெண்கள் பலர் உட்பட, பணியாளர்கள் உலோகங்காட்டியுடன் அங்குலம் அங்குலமாகத் தேடி வந்திருக்கிறார்கள். சிலவகை மிதிவெடிகளின் உடல் முழுவதும் பிளாஸ்டிக். உள்ளே சிறு ஊசியளவு உலோகமே இருக்கும். ஆகவே நாள்தோறும் வேலை தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் வைத்த மாதிரித் துண்டைக் கருவி உணர்கிறதா என்று பார்த்துவிட்டே களத்தில் இறங்குகிறார்கள். அங்கே கருவியைச் செய்தவர்கள் கொடுத்த உறையைத் தவிர வேறெதையும் மாட்டும் பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. பொய்க்குரலுக்குப் பயந்து கூருணர்வைக் குறைத்தால் நழுவுவது தங்கத் துணுக்கு அல்ல.

உறை எப்போது தேய்ந்துவிட்டது என்று அறிவது? முன் விளிம்பும் பின் விளிம்பும்தான் முதலில் மெலியும். கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்தால், வெளிர் நிற உறையில் மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும். ஏ.பி.எஸ். உறையானால் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய உடைந்த ஏ.பி.எஸ். உறையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நகப்பூச்சு நீக்கப் பயன்படும் அசெட்டோனில் ஊறவிட்டால் கூழாகக் கரையும். அதைப் பள்ளங்களில் தடவிக் காயவிட்டால் உறையோடு ஒன்றாகிவிடும். அசெட்டோன் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகிச் செய்யுங்கள். பாலிதீன் இதில் கரையாது. உறையைக் கழற்றி வைத்துத்தான் கூழ் தடவ வேண்டும். சுருளின் ஓட்டில் அசெட்டோன் பட்டால் அதுவும் சேர்ந்து கரையக்கூடும்.