எழுதி வைத்தால் போதுமா?

ஒரு விஷயத்தை எழுதிப் பத்திரப்படுத்திவிட்டால் அது நிலைத்துவிட்டதென்று எண்ணுவது மனித சுபாவம். கல்யாணப் படங்கள் முதல் காரியாலயத் தஸ்தாவேஜுகள் வரையில், எத்தனையோ விஷயங்கள் சென்ற முப்பது வருஷ காலத்தில் பளபளப்பான வட்டத் தகடுகளில் பதிவாகி, அலமாரிகளில் வைத்துப் பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டியவர்கள் கவலையற்றிருக்கிறார்கள். அவர்கள் அவ்வாறு இருப்பதற்குத் தக்க ஆதாரமுண்டா? இதையே நாம் இங்கு விசாரிக்க விரும்புகிறோம். ஜனங்களுடைய ஞாபகம் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், இதை யந்திர நிபுணர்களின் தனிக் கவலையென்று தள்ளிவிடுவது சரியன்று.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம். அந்நாட்டை வென்று ஆண்ட முதலாம் வில்லியம் அரசன், 1086-ம் வருஷத்தில் தன் ராஜ்யத்தின் நிலம், உடையவர், ஏர், ஆலை முதலியவற்றை ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் செய்தான். ‘டூம்ஸ்டே புத்தகம்’ என்று பெயர் பெற்ற அக்கணக்கு, பதப்படுத்திய ஆட்டுத்தோலில் லத்தீன் பாஷையில் எழுதப்பட்டது. இது நடந்து 900 வருஷமானதைக் கொண்டாடும் பொருட்டு, 1986-ல் பி.பி.ஸி. ஸ்தாபனம் புதிய கணக்கொன்றைத் தயாரித்தது. பத்து லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படம் பிடித்தும் அனுப்பினார்கள். சுமார் 25 லக்ஷம் பவுன் செலவில், அவையெல்லாம் 12 அங்குல அகலமுள்ள லேசர் தகடுகள் இரண்டில் பதிக்கப்பட்டன. அரசன் எடுத்தது வரிக்கணக்கு. இதுவோ ஜனங்கள் தாங்களே எழுதிய சரித்திரம்.

அந்தத் தகடுகளைப் படிப்பதற்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டரும், தனியாக ஒரு சுழல் யந்திரமும் வேண்டியிருந்தன. விலை அதிகமாதலால், எழுதிக் கொடுத்த பள்ளிகளில் பலவற்றாலேயே அவற்றை வாங்க முடியவில்லை. பதினாறு வருஷங்கள் கழிந்தன. 2002-ல் ஓடும் நிலையிலிருந்த யந்திரங்கள் அருகிவிட்டன. பத்து லக்ஷம் பேருடைய எழுத்து படிக்க வழியற்றுப் போகுமோ என்ற பயம் எழுந்தது. 900 வருஷத்துக்கு முன் எழுதிய தோல் புத்தகத்தை லத்தீன் தெரிந்த எவரும் விரித்துப் படிக்கலாம். அதன் ஜயந்திக்குச் செய்த தகட்டைப் படிக்க முடியாது!

லீட்ஸ், மிச்சிகன் சர்வகலாசாலைகளைச் சேர்ந்த அறிஞர்கள், பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புதிய நிரலை அமைத்து, அவ்வருஷத்திலேயே தகட்டிலிருந்ததை மீட்டுக் காட்டினார்கள். ஊர்களைப் பற்றிய பகுதி 2011-ல் இணையத்தில் பிரசுரமாயிற்று. 2018-ல் அது மூடப்பட்டபோது, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் களரி அதன் பிரதியை ஏற்றுக்கொண்டது. மனிதர் தலையிட்டதனால் பிழைத்ததேயன்றி, தகட்டின் பலத்தினால் அது பிழைக்கவில்லை.

ஆகவே தகட்டுக்கு மரணம் இரண்டு வகையாக வருகிறது. படிக்கும் யந்திரம் மறைவது ஒன்று. தகட்டின் உடலே கெடுவது மற்றொன்று. தொழிற்சாலையில் அச்சிடப்படும் பாட்டுத் தகட்டில், பிளாஸ்டிக்கில் நுண்ணிய பள்ளங்கள் பதிந்து, அவற்றின்மீது அலுமினியப் பூச்சு இருக்கிறது. மேலே பூசிய மெழுகுச்சாயத்தைக் கடந்து காற்று உட்புகுந்தால் உலோகம் களிம்பேறும். லாங்காஷயர் ஜில்லாவிலுள்ள பிளாக்பர்ன் நகரத் தொழிற்சாலையொன்றில் 1988 முதல் 1993 வரையில் செய்யப்பட்ட பல தகடுகள், உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்தினால் விளிம்பிலிருந்து செம்பு நிறமாகக் கறுத்துக் கெட்டன. நாம் வீட்டில் பதிவு செய்யும் தகட்டிலோ, எழுத்தைத் தாங்குவது பெரும்பாலும் ஒருவகைச் சாயமே. லேசர் ஒளி அச்சாயத்தைச் சுட்டு எழுதுகிறது. வெயிலும் உஷ்ணமும் ஈரமும் அதே சாயத்தை மெல்ல மெல்ல மாற்றிவிடுகின்றன.

எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்கலாம். கனடா தேசத்துப் பாதுகாப்பு நிலையத்தார் வகைவகையாகப் பிரித்து விடை சொல்லியிருக்கிறார்கள். தங்கப் பூச்சும் தாலோசயனின் என்ற சாயமும் உள்ள சி.டி. 100 வருஷத்துக்கு மேல் தாங்கலாம். வெள்ளிக் கலவைப் பூச்சுள்ள டி.வி.டி.-ஆர் தகட்டுக்கு 10 முதல் 20 வருஷமே; பதிவு செய்யும் புளூ-ரே தகட்டுக்கு 5 முதல் 10 வருஷமே. புதியது பழையதைவிட நீடிக்கும் என்ற சாதாரண நம்பிக்கை இங்கே செல்லாது. இந்தக் கணக்குகளும் அனுமானங்களே. தகட்டைக் கடும் உஷ்ணத்திலும் ஈரத்திலும் சில வாரங்கள் வாட்டி, அதைக் கொண்டு பல வருஷங்களை மதிப்பிடுகிறார்கள். நூறு வருஷம் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை.

நமது சீதோஷ்ணத்தையும் கவனிக்க வேண்டும். தகடுகளை 4 முதல் 20 டிகிரி உஷ்ணத்திலும், நூற்றுக்கு 20 முதல் 50 வரையுள்ள ஈரப்பதத்திலும் வைக்க வேண்டுமென்று அமெரிக்க அளவைப் பிரமாண ஸ்தாபனம் 2003-ல் வெளியிட்ட கையேடு கூறுகிறது. சென்னைக் கடற்கரையில் சாதாரண அலமாரி எதில் இந்த நிலை கிடைக்கும்? குளிர்தேசத்தில் கணித்த ஆயுளை நம் வீட்டுத் தகட்டுக்கும் உரியதாகக் கொள்வது ஏமாற்றத்துக்கே இடமாகும்.

இதிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தகட்டில் ஏற்படும் சிறு பிழைகளை யந்திரமே கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்கிறது. இது நல்ல ஏற்பாடே. ஆனால் நோய் முற்றும் வரையில் வெளியே தெரிவதில்லை. நேற்று வரை சரியாக ஓடிய தகடு இன்று திடீரென்று ஓடாது. செல்லரித்த காகிதத்தில் பாதியையாவது படிக்கலாம். கெட்ட தகட்டில் பல சமயம் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

ஆயிரம் வருஷம் அழியாதென்று விளம்பரம் செய்யப்பட்ட தகடும் உண்டு. ‘எம்-டிஸ்க்’ என்பது அதன் பெயர். சாயத்துக்குப் பதிலாகக் கல்லைப் போன்ற பொருளில் அது எழுதுகிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கக்கூடியதுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்த அமெரிக்கக் கம்பெனி 2016-ல் திவாலாயிற்று. சோனி கம்பெனியும் பதிவு செய்யும் புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது. ஆயிரம் வருஷத் தகடு இருந்தும், படிக்கும் யந்திரத்தைச் செய்வார் இல்லையேல் பயன் என்ன?

அப்படியானால் தகட்டை ஒழித்துவிட வேண்டுமா? வேண்டாம். ஒரு முறை எழுதியதை மாற்ற முடியாமலிருப்பதும், இணையத்தோடு தொடர்பின்றித் தனித்திருப்பதும் அதன் நல்ல குணங்கள். ஆனால் அதை மட்டும் நம்பலாகாது. முக்கியமான பதிவுக்கு மூன்று பிரதிகளாவது வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வகைச் சாதனத்திலும், ஒன்று வேறு ஊரிலும் இருப்பது உத்தமம். தகட்டில் காகிதம் ஒட்டக் கூடாது; வெளிச்சம் படாமல் பெட்டியில் நிமிர்த்தி வைக்க வேண்டும். இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒரு முறை எடுத்து முழுவதையும் படித்துப் பார்த்து, சந்தேகமிருந்தால் உடனே புதியதற்கு மாற்ற வேண்டும்.

இவற்றைச் செய்வது யார் என்பதே முக்கியமான கேள்வி. டூம்ஸ்டே புத்தகம் தோலின் உறுதியினால் மட்டும் நிலைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு காரியாலயம் அதைக் காத்தது. 1783-ல் அச்சேற்றிப் பிரதி செய்தார்கள். கட்டுக் குலைந்தபோதெல்லாம் மீண்டும் கட்டினார்கள். பழைய தாள்களை அழித்துவிட்டுத் தகட்டில் ஏற்றிவிட்டோம் என்று பெருமை பேசும் காரியாலயங்களை நாம் கேட்பது இதுவே: அந்தத் தகட்டைக் கடைசியாகப் படித்துப் பார்த்தவர் யார்? எந்தத் தேதியில்? அடுத்த பிரதிக்குப் பொறுப்பாளர் யார்? இதற்கு விடை இல்லாத இடத்தில் பதிவு இருக்கிறதென்று சொல்ல முடியாது. சங்கங்களும் நூல் நிலையங்களும் ஒவ்வொரு குடும்பமும் இன்றே தங்கள் அலமாரிகளைத் திறந்து பார்க்கட்டும். படிக்கக்கூடியவற்றைப் படிக்க முடியும்போதே பெயர்த்து எழுதிக்கொள்வதுதான் விவேகம்.