தூரத்துக் கைபேசியும் இரகசியத் திறவுகோலும்

கைபேசிக்கென ஒரு செயலியை ஆக்குவோர், அது பல்வேறு கைபேசிகளிலும் பிழையின்றி இயங்குகின்றதா என்று சோதித்தல் வேண்டும். அத்தனை கைபேசிகளையும் விலைக்கு வாங்குதல் எவர்க்கும் எளிதன்று. இக்குறையைப் போக்கும்பொருட்டு அமேசன் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் 'டிவைஸ் ஃபாம்' என்னும் சேவையைத் தொடங்கிற்று. மெய்யான கைபேசிகளை, இருந்த இடத்திலிருந்தே, நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்திச் சோதனைக்கு உபயோகிக்கலாம்.

மனிதர் ஒருவர் நேரில் அமர்ந்து சோதிப்பாராயின் அவருக்குக் கடவுச்சொல் போதும். நமது கணினியிலுள்ள கருவி தானாகவே சோதனையை நடத்துவதாயின், அதற்கெனத் தனி அடையாளம் வேண்டும். அவ்வடையாளம் இரு பகுதிகளையுடையது. ஒன்று, 20 எழுத்துகளாலான திறவுகோற் பெயர். மற்றையது, 40 எழுத்துகளாலான இரகசியம். இவ்விரகசியம் கம்பி வழியே செல்வதில்லை என்பது நேயர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது. கருவி அதனைக்கொண்டு தன் வேண்டுகோளுக்குக் கையொப்பமிடுகின்றது. மறுமுனையிலுள்ளோர் கையொப்பத்தைச் சரிபார்க்கின்றனர்.

கணக்கின் உரிமையாளர் தமது முழு அதிகாரத்தையும் கருவியிடம் ஒப்படைத்தல் ஆகாது. ஆய்வுகூடத்தைத் திறக்க அனுப்பும் மாணவனிடம் அதிபரின் அலுமாரித் திறவுகோலையுமா கொடுத்தனுப்புவோம்? ஆதலின் கருவிக்கெனத் தனிப் பயனர் ஒருவரை உண்டாக்கி, இச்சேவைக்கு வேண்டிய அனுமதியை மாத்திரம் அப்பயனருக்கு அளித்தல் வேண்டும். இரகசியம் ஆக்கப்படும் வேளையில் ஒரேயொரு முறைதான் காட்டப்படும். தவறவிட்டால் புதிதாக ஒன்றை ஆக்குவதன்றி வேறு வழியில்லை.

பின்னர் கணினியின் கட்டளைச் சாளரத்தில் அமைப்புக் கட்டளையைக் கொடுத்தால், திறவுகோற் பெயர், இரகசியம், வலயம், விடையின் வடிவம் என்னும் நான்கையும் அது கேட்கும். பலர் இடறுவது வலயத்திலேதான். இச்சேவை அமெரிக்காவின் ஒறிகன் வலயத்திலேயே இயங்குவதால், நமக்கு அண்மையதென்று மும்பாயையோ சிங்கப்பூரையோ குறித்தாற் பயனில்லை.

இவ்வாறு கொடுத்தவற்றுள் திறவுகோற் பெயரும் இரகசியமும் கணினியில் சாதாரண எழுத்திலேயே ஒரு கோப்பிற் பதிந்திருக்கும். அக்கோப்பையோ இரகசியத்தையோ செயலியின் மூல எழுத்துடன் சேர்த்துப் பொதுக் களஞ்சியத்தில் இட்டுவிடுதல் பெருந்தவறு. அத்தகையவற்றைத் தேடியெடுப்பதற்கென்றே இயங்கும் நிரல்கள் உள. அந்நியர் நடத்தும் வேலைக்குரிய கட்டணம் உரிமையாளரின் தலையில் விழும். சில மணி நேரத்தில் தாமே காலாவதியாகும் தற்காலிகச் சான்றுகளும் உண்டு. இயலுமாயின் அவையே மேலானவை. நிலையான திறவுகோலை வைத்திருப்போருக்கு, ஒரு பயனர் ஒரே வேளையில் இரண்டை வைத்திருக்கலாம் என்னும் ஏற்பாடு உதவும். புதியது இயங்குவதைக் கண்டபின் பழையதை முடக்கி, பின்னர் அழித்துவிடலாம்.